பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்டவர்கள்: சேஷாசலம், 2015

2015 ஏப்ரல் 7 விடியற்காலை, திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டுக்குள் இரண்டு இடங்களில் 20 பேரைச் சுட்டுக் கொன்றது ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. சந்திரகிரி மண்டலம், ஸ்ரீவாரிமெட்டுப் பக்கத்துக் காடு. ஓர் இடத்தில் 9 உடல்கள், இன்னோர் இடத்தில் 11. எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பலர் மலைப் பழங்குடிகள். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்து 12 பேர், தர்மபுரியில் இருந்து 7, சேலத்தில் இருந்து ஒருவர்.

போலீஸ் சொன்னது சுருக்கமான கதை. ரோந்து போனோம், நூறு பேர் அளவில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், சரணடையச் சொன்னோம், கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம், மிச்சப் பேர் இருட்டில் ஓடிவிட்டார்கள். இரண்டு இடத்துக்கும் இதே கதைதான். போலீஸ் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. உடல்களுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகளில் சில பழசாக, பெயிண்ட் குறியோடு இருந்தது செய்திப் படங்களிலேயே தெரிந்தது. ராத்திரி வெட்டிய மரத்துக்கு விடிவதற்குள் பெயிண்ட் அடித்தது யார் என்று அன்றைக்கே டீக்கடையில் கேட்டார்கள். முறைப்படி முதலில் பதிவான வழக்கு செத்தவர்கள் மேல்தான்: கொலை முயற்சி, அத்துமீறல், கடத்தல்.

இந்தக் கதையைக் குலைத்தது துப்பாக்கி நிபுணரோ தடயவியல் அறிக்கையோ அல்ல. உயிரோடு வீட்டுக்குத் திரும்பிய சிலர் சொன்ன சாட்சியம். அவர்களை ஒரு மனித உரிமை அமைப்பு தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. அவர்கள் சொன்னதன் சாரம்: எங்களோடு வந்தவர்கள் காட்டுக்குள் போகவே இல்லை. முந்தின நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். நகரி, புத்தூர் வட்டாரத்தில் போலீஸ் ஏறி அவர்களை இறக்கிக் கூட்டிப்போனது. மறுநாள் உடலாகத்தான் பார்த்தோம்.

அவர்களில் ஒருவர் தப்பிய விதம் இந்த வழக்கையே விளக்கிவிடும். அவர் உட்கார்ந்திருந்த இடம் ஒரு பெண் பயணிக்குப் பக்கத்தில். ஏறிய போலீஸ் இருவரையும் ஒரே குடும்பம் என்று நினைத்து விட்டுவிட்டது. அதே கூட்டத்தில், அதே ஊர்ப் பக்கத்தில் இருந்து, அதே வேலைக்குக் கிளம்பியவர். ஆனால் கூட ஒரு பெண் இருக்கிற மாதிரித் தெரிந்தார்.

அப்படியென்றால் அந்த பஸ்ஸில் போலீஸ் தேடியது என்ன? கோடாரியும் கட்டையும் பஸ்ஸில் இருக்காது. குற்றம் இன்னும் நடக்கவே இல்லை. தேடியது ஓர் உருவத்தை: ஆண், கூட்டாளிகளோடு வருபவன், குடும்பம் இல்லை, தமிழ் பேசுகிறான், வெயிலில் கறுத்த மேனி, ரப்பர் செருப்பு, ஒரு கட்டைப் பை. 'தமிழன் என்பதால் கொன்றார்கள்' என்று நம் பக்கத்து மேடைகளில் முழங்கினார்கள். பாதி உண்மை. திருப்பதிக்கு நாளுக்கு எத்தனையோ ஆயிரம் தமிழர்கள் இதே சாலையில்தான் போகிறார்கள், மொட்டையும் சந்தனமுமாகத் திரும்புகிறார்கள். அவர்களை யாரும் இறக்குவதில்லை. இறக்கப்படுகிறவன் தமிழன், ஏழை, மலைக்காரன் என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தவன். மூன்றில் ஒன்று குறைந்தால் பஸ் கிளம்பிவிடும்.

நான் எல்லைப் பக்கத்து ஆள். 1911-க்கு முன் சித்தூர் வடஆற்காட்டில்தான் இருந்தது. 1960-ல் எல்லையைத் திருத்தித் திருத்தணியை இந்தப் பக்கமும் சத்தியவேடு வட்டாரத்து ஊர்களை அந்தப் பக்கமும் பிரித்தார்கள். சொந்தபந்தத்தைப் பிரிக்க முடியவில்லை. பொண்ணு எடுத்தது நகரியில், கொடுத்தது பள்ளிப்பட்டில் என்று இருக்கிற வீடுகள் எத்தனையோ. அதனால் இங்கே 'தமிழ்' என்பதே ஒருவனைச் சந்தேகப்படக் காரணம் ஆகாது. சித்தூர்க் கடைவீதியில் பாதி வியாபாரம் தமிழில் நடக்கிறது. ஆனாலும் பஸ்ஸில் ஒரு மலைக்காரரை இறக்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

அது 2015-க்குப் பிறகு. சாலையோரம் நின்ற இருவர் கைகாட்டி பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒருவர் கீழேயே நிற்க, இன்னொருவர் ஏறி நேராகக் கடைசி சீட்டுக்குப் போனார். முன்னால் இருந்த எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் அரிசி, ஒரு சட்டை, லுங்கி.

"எங்க போறே?"

"திருப்பதிங்க ஐயா. சாமி கும்பிட."

"ஒண்டியாவா? பொண்டாட்டி எங்க?"

அவருக்குப் பதில் வரவில்லை. கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். உள்ளங்கை காய்த்திருந்தது. சாமை அறுத்தாலும் காய்க்கும், செங்கல் தூக்கினாலும் காய்க்கும். இறங்கச் சொன்னார், இறங்கினார். கண்டக்டர் மட்டும் "திருப்பதிக்கு டிக்கெட் எடுத்திருக்கான் சார்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. விசில் அடித்து பஸ் கிளம்பியது. கண்டக்டரின் கணக்கில் அந்த மனிதர் திருப்பதி வரை போய்ச் சேர்ந்தவர். அவர் வழியில் இறக்கப்பட்டார் என்று உலகத்தில் எந்தத் தாளிலும் எழுத்து இல்லை. அவரை அரைமணி நேரத்தில் விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது.

இருபது பேர் வழக்கின் முடிச்சும் இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம். காட்டில் சுட்டதற்கு ஆயிரம் தாள் உண்டு: எஃப்.ஐ.ஆர்., சாட்சிகள் முன் எழுதும் பஞ்சநாமா, பிரேதப் பரிசோதனை, தோட்டா எண்ணிக்கை. பஸ்ஸில் இருந்து இறக்கியதற்குத் துண்டுச் சீட்டு ஒன்றுகூட இல்லை. கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும், வீட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் விதித்துவிட்டது. பிற்பாடு அது சட்டத்திலும் ஏறியது. ஆனால் 'சும்மா விசாரிக்கக் கூட்டிப்போனோம்' என்பதைக் கைது என்று எந்த ஸ்டேஷனும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லையில் நடப்பதில் முக்கால்வாசி இந்தச் 'சும்மா'தான்.

நியூயார்க் கதையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அந்த ஊர்ப் போலீஸ் தெருவில் போகிறவர்களை நிறுத்தித் தடவிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தது. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் நிறுத்தங்கள். நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், சுமார் 31 சதவீதம் ஹிஸ்பானியர். கைதோ சம்மனோ வரை போனது 12 சதவீதம்தான். இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷிரா ஷெய்ன்ட்லின் தீர்ப்பளித்தார். நான் கவனித்தது தீர்ப்பை விட அந்த எண்கள் வந்த வழியை. நிறுத்திய ஒவ்வொரு ஆளுக்கும் போலீஸ்காரர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. யாரை, எங்கே, எதற்காக, அவர் எந்த இனம் என்று போலீஸ் தன் கையாலேயே எழுதிய படிவங்கள்தான் கோர்ட்டில் போலீஸுக்கு எதிராகப் பேசின. படிவம் இல்லாமல் இருந்தால் அங்கேயும் பாதிக்கப்பட்டவர்களின் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நம் சாலையில் மிஞ்சியது அதுதான்.

சரி, இவர்கள் நிஜமாகவே மரம் வெட்டப் போனவர்கள் தானே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கலாம். பெயிண்ட் வேலைக்கு, பில்டிங் வேலைக்கு என்று சொல்லிவிட்டுப் போனதாகத்தான் பல குடும்பங்கள் சொன்னார்கள். வீட்டில் வேறு எப்படிச் சொல்வான்? செம்மரம் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக விளையாது. சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா என்று கிழக்கு மலைத்தொடரின் தென்கோடியில் மட்டும் வளர்கிற மரம். 1995-ல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. சீனாவில் அரண்மனைப் பாணி மரச்சாமானுக்கு அது போகிறது. ஒரு டன் கட்டை வெளிநாட்டில் பல லட்சத்துக்குப் போகும்போது காடு சூறையாடப்படுவது உண்மை. 2013 டிசம்பரில் இதே சேஷாசலத்தில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கல்லாலும் தடியாலும் அடித்துக் கொல்லப்பட்டதும் உண்மை. அந்த இரண்டு குடும்பங்களின் துக்கம் குறைவானதல்ல.

ஆனால் அந்தக் கொலைக்கு என்ன விசாரணை நடந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை நூற்றுக்கணக்கில் பிடித்து ஒரே வழக்கில் சேர்த்தார்கள். ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் பிடிபட்டதாகச் சொன்னவர்கள் அதில் பலர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே கிடந்தார்கள். 2016 மார்ச்சில் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. விடுதலையான தமிழர்கள் மட்டும் 250-க்கு மேல். அந்த இரண்டு அலுவலர்களைக் கொன்றவர்கள் யார் என்பதும் அதோடு காணாமல் போனது. உருவத்தைப் பார்த்துப் பிடித்தால் கடைசியில் கொல்லப்பட்ட அதிகாரிக்கும் நியாயம் கிடைக்காது. இதை ஆந்திர வனத்துறை நண்பர்கள் யோசிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் படிக்கட்டு இருக்கிறது. மேலே வாங்குகிறவர், அவருக்குக் கீழே கன்டெய்னர் ஏற்பாடு செய்பவர், வண்டிக்கு முன்னால் வழி பார்த்துப் போகும் 'பைலட்', மலையில் ஆள் சேர்க்கும் மேஸ்திரி, எல்லாருக்கும் கீழே கோடாரி பிடிப்பவன். மேஸ்திரி கையில் முன்பணம் வைத்துக் கொடுப்பான், பஸ் செலவும் குவாட்டரும் அவன் பொறுப்பு. கட்டையைத் தோளில் வைத்து ராத்திரியில் மலை இறக்குகிறவனுக்குக் கிடைப்பது கட்டட வேலைக் கூலியை விடப் பல மடங்கு, கட்டையின் விலையில் தூசு. இதே 2015-ல் மேல்படிக்கட்டு ஆள் ஒருவர் மொரீஷியஸில் பிடிபட்டார். அவரை விமானத்தில் கூட்டிவந்து, வக்கீலோடு கோர்ட்டில் நிறுத்தினார்கள். அது சரிதான், அப்படித்தான் செய்ய வேண்டும்.

மலையில் கோடாரி பிடிக்க ஆள் ஏன் கிடைக்கிறான் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பக்கம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை. மூன்றிலும் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பேருக்குத்தான் மலையாளி, பேசுவது தமிழ். சாமை, கேழ்வரகு, புளி, தேன், கடுக்காய். மழை பொய்த்தால் கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு பறிக்க, காபி பறிக்கப் போவார்கள், இல்லாவிட்டால் திருப்பூர். செத்தவர்களில் பலர் இந்த மலைகளின் பழங்குடிகள், மற்றவர்கள் அடிவாரத்துக் கூலிக்காரர்கள். தர்மபுரி மாவட்டத்து 7 பேரும் சித்தேரி மலைப் பக்கத்தவர்கள். சித்தேரி அடிவாரத்தில் இன்னொரு ஊர் இருக்கிறது, வாச்சாத்தி.

1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுங்கின, ஆடு மாடு போனது, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். கேட்டதற்கு அப்போதும் இதே பதில்தான்: கடத்தல்காரர்கள். 2011 செப்டம்பர் 29-ல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே சீருடை போட்டிருந்தவன் பேசிய மொழி தமிழ். அதனால்தான் 2015-ஐத் தெலுங்கன், தமிழன் சண்டையாக மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சந்தனம் இருந்த காலத்தில் மலைக்காரன் சந்தனத் திருடன். அது தீர்ந்ததும் செம்மரத் திருடன்.

நிலமும் அப்படித்தான். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டப்படி காட்டில் உழுது வாழ்பவர்களுக்குப் பட்டா தர வேண்டும். தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. அந்த முட்டுக்கட்டை விலகியது 2016-ல். இந்த 20 பேர் செத்தது அந்த எட்டு வருஷத்துக்குள். பட்டா இருந்தால் போயிருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டா இல்லாதவனுக்கு பேங்கில் கடன் இல்லை, கடன் இல்லாதவனுக்கு மேஸ்திரியின் முன்பணம்தான் பேங்க்.

அப்புறம் வழக்கு என்ன ஆனது? சம்பவம் நடந்ததும் தமிழ்நாட்டில் கொந்தளிப்பு, ஆந்திரா போகும் பஸ்கள் நின்றன. அப்போதைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார், குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் அறிவித்தார். திருவண்ணாமலையில் ஆறு பேரின் குடும்பங்கள் மறு பிரேதப் பரிசோதனை கேட்டு உறுதியாக நின்றார்கள். ஐதராபாத் உயர் நீதிமன்றம் அதற்கு உத்தரவிட்டது. கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் புகார் எழுதிக்கொண்டு ஆந்திர எல்லை தாண்டிப் போனார். அதன்பேரில், கோர்ட் தலையிட்ட பிறகு, கொலை வழக்கு பதிவானது. அதை எடுத்துக்கொண்டது ஆந்திர அரசே அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு. சுட்டதும் ஆந்திரப் போலீஸ், விசாரித்ததும் ஆந்திரப் போலீஸ். என்கவுன்டர் சாவுகளைச் சம்பந்தப்பட்ட ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷனோ மேலதிகாரியின் பார்வையில் விசாரிக்க வேண்டும் என்று பி.யு.சி.எல். என்கிற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 செப்டம்பரில். அதாவது இந்தச் சம்பவத்துக்கு ஏழு மாதம் கூட முன்னால் இல்லை. அந்த விதியின் எழுத்தை நிறைவு செய்துவிட்டார்கள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

தேசிய மனித உரிமை ஆணையம் இதைவிட மேலே போனது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் இடைக்கால நிவாரணம், விசாரணை சி.பி.ஐ.க்கு என்று பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. இந்தச் சாவுகளுக்காக ஒரு போலீஸ்காரர்கூட இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. சேலம் மாவட்டம் கருமந்துறைப் பக்கத்து மலைக்காரர்கள். துரத்தியபோது தண்ணீரில் விழுந்து செத்தார்கள் என்று சொல்லப்பட்டது. 2023 ஜூனில் வேறு மாதிரி ஒன்று: கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குறவர் குடும்பங்களைத் திருட்டு வழக்கு என்று சித்தூர் போலீஸ் கூட்டிப்போய் வதைத்ததாகவும், பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகவும் புகார் எழுந்தது. இதில் செம்மரம் இல்லை, சாதி இருந்தது. சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-ல் ஒழிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். 2024 அக்டோபரில் சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டப் பட்டியலில் இருந்த சீர்மரபினரைத் தன்னிச்சையாகக் கைது செய்யக் கூடாது என்று போலீஸுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 15-வது பிரிவில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று வரிசை இருக்கிறது. மொழி அதில் இல்லை. பேச்சை வைத்து ஒருவனை பஸ்ஸில் இருந்து இறக்கினால், வக்கீல் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற 14-ஐயும், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பான 21-ஐயும் பிடித்துக்கொண்டுதான் வாதாட வேண்டும். அதற்கும் இறக்கியதை நிரூபித்தாக வேண்டும்.

எல்லையில் வனத்துறைச் சோதனைச் சாவடிகளில் தடித்த நோட்டு வைத்திருப்பார்கள். விறகு போனால், மூங்கில் போனால் வண்டி எண்ணும் அனுமதிச் சீட்டு எண்ணும் அதில் ஏறும். அதே நோட்டில் இன்னும் ஒரு பக்கம் கோடு போட்டால் போதும்: நேரம், பஸ் எண், இறக்கிய ஆளின் பெயர், என்ன காரணம், எப்போது விட்டோம், இறக்கிய அலுவலரின் கையெழுத்து. நகல் ஒன்று கண்டக்டருக்கு. எல்லையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எழுதிட்டு உக்காந்திருந்தா கட்டை போயிடும் சார்" என்றார். கட்டை பஸ்ஸில் போகாதே என்றேன். "அது சரிதான்" என்றவர் உடனே பேச்சை மாற்றிவிட்டார்.